ஒற்றைக்கடுக்கனின் அரங்கேற்றம்

எழுபத்தெட்டு வயதும் ஐந்து திங்களும் நிரம்பப்பெற்றவனும், பள்ளிக்கூட வாசலை மிதியாது, பொட்டலம் மடித்து வந்த அச்சுக் காகிதங்களைப் படித்தே செந்தமிழ் கற்றவனுமாகிய தோப்புவிளை ஆ. பூதலிங்கம் என்னும் யான், மாவடிக்குறிச்சி அரண்மனையில் முன்னொரு காலத்தில் நிகழ்ந்த விவகாரத்தை, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதத் துணிகிறேன்.

மாவடிக்குறிச்சியை அப்போது ஆண்டவர் திருமலைக்கொழுந்து மகாராஜா. கதை கேட்பதில் அவருக்கு அளவிறந்த பிரியம். அவருடைய சிறையில் ஒற்றைக்கடுக்கன் என்னும் வழிப்பறிக்காரன் ஆயுட்சிறை அனுபவித்து வந்தான். பதினோராண்டு மலைப்பாதையை மறித்தவன். பத்தொன்பது பேரைக் கொன்றவன். அவன் பிடிபட்ட பின்னர் ஒரு புதுமை நிகழ்ந்தது. இளைஞர் பலர் ஒரு காதில் மட்டும் கடுக்கன் அணியத் தொடங்கினர். சிறைவாசலில் பூமாலையோடு கூட்டம் நின்றது. மாலை விற்பவள் ஒருத்தி அங்கேயே கடை விரித்தாள்.

அவைப்புலவர் செவ்வந்திக் கவிராயர் சும்மா இருப்பாரா? சிறைக்குச் சென்று, அவன் வாய்மொழி கேட்டு, ‘கடுக்கன் சரிதம்’ என்று முந்நூறு பாட்டு யாத்துவிட்டார்.

“பிரபு, பாட்டு அடியேனுடையது, வாழ்க்கை அவனுடையது. ஆகவே அவனே நூலாசிரியன். அவனே மேடையேறிச் சொல்லட்டும். நாடே திரண்டு வரும்” என்றார்.

“வரும், வரும்! முதல் ஆளாக நானே வருவேன்” என்றார் அரசர்.

அரங்கேறிய நூலின் ஆசிரியன் கேட்கும் வரத்தை மறுத்தலாகாது என்பது அந்த அரண்மனையின் வழக்கம். ஒற்றைக்கடுக்கன் எந்த வரம் கேட்பான் என்று அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

அரசருக்கு ஓலை எழுதும் வடிவழகிய நம்பியின் வீட்டுக்கு ஆவுடைத்தாய் என்னும் பெண்மணி வந்தாள். உப்பு வண்டி ஓட்டிய அவள் கணவரை மலைப்பாதையில் கொன்றவன் ஒற்றைக்கடுக்கன்.

“எசமான், அவன் வெளிய வந்துருவானாமே? அதே பாதையில இப்ப என் மகன்தான் வண்டி ஓட்டுறான்.”

“அரசர் வாக்குக் கொடுத்துவிட்டார், தாயே. என்னால் மாற்ற இயலாது.”

“அப்ப எதுக்கு எசமான் இம்புட்டுப் பெரிய தலைப்பாகை?”

நம்பி தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார்.

மறுநாள் காலை அரசரிடம் சென்றார். “பிரபு, அரங்கேற்றத்தில் முறை வழுவலாகாது. சிறப்புப்பாயிரம் வேண்டும். நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது. அவனை நன்கறிந்த பிறர் முதலில் எழுந்து அவன் இன்னான் என்று சொல்ல வேண்டும். பிறகே அவன் வாய் திறக்கலாம்.”

“பாயிரமா? நானே பத்துப் பாடி வைத்திருக்கிறேன்!” என்றார் கவிராயர்.

“கவிராயருக்கும் அவனுக்கும் எத்தனை நாள் பழக்கம்?”

“நாற்பது நாள். கம்பிக்கு வெளியே நின்று.”

“கம்பி இல்லாமல் பழகியவர்கள் இருக்கிறார்கள்.”

“நல்லது!” என்றார் அரசர். “அவனை நெருங்கி அறிந்தவர் ஒருவரையும் விடாதீர். அத்தனை பேரும் சொல்லி முடித்த பின்பே நூல் தொடங்கட்டும்.”

நம்பி அதை ஓலையில் எழுதி, அரச முத்திரையும் பெற்றுக்கொண்டார்.

அரங்கேற்ற நாளில் மைதானம் கொள்ளவில்லை. ஒற்றைக்கடுக்கன் மாலையணிந்து மேடைமேல் அமர்ந்திருந்தான். முதற் பாயிரம் சொல்ல ஆவுடைத்தாய் எழுந்தாள்.

“இவரு என் வீட்டுக்காரரைக் கொன்னவரு. கழுத்துல கத்தி இருக்கும்போதும் அவுக, ‘மாட்டை அவுத்து விட்டுருங்க, பாவம், பாரத்தோட நிக்குது’ன்னாகளாம். கூடப் போனவுக வந்து சொன்னாக. புருசன் பேரை நான் என் வாயால சொல்லக்கூடாது. உங்க பாட்டுல இருந்தா வாசிங்க, சாமி. ஒருதடவை காதால கேட்டுட்டுப் போயிருறேன்.”

ஒற்றைக்கடுக்கன் கவிராயரைப் பார்த்தான். கவிராயர் ஏடுகளைப் புரட்டினார். குதிரைக்கு மின்னலரசி என்று பெயர்; அதற்குப் பன்னிரண்டு பாட்டு. கத்திக்கும் பெயர் உண்டு, அதற்கு ஏழு.

“‘ஒருவன்’ என்றிருக்கிறது, அம்மா. எதுகைக்கு அதுதான் பொருந்தி வந்தது.”

“குதிரைக்குப் பேரு வச்ச புலவரே! மனுசனுக்கு வைக்கும்போது ஓலை தீந்துபோச்சா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

“பெயர் கேட்டுக்கொண்டா வெட்டுவார்கள்?” என்று ஒற்றைக்கடுக்கன் முணுமுணுத்தான். மைதானம் அமைதியாக இருந்தபடியால் அது கடைசி வரிசை வரை கேட்டது.

அதன்பின் நாற்பத்து மூவர் எழுந்தனர். காலிழந்தவர் ஒருவர் இரண்டு வாக்கியமே சொன்னார். மகளை இழந்த ஒருவர் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார். அதையும் பாயிரமென்றே நம்பி எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் பல காதுகளில் கடுக்கனைக் காணோம். மூன்றாம் நாள் மாலை விற்பவள் கூடையைக் கோயில் வாசலுக்கு மாற்றிக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாமவர் அமர்ந்ததும் ஒற்றைக்கடுக்கன் தொண்டையைச் செருமினான். “முடிந்ததல்லவா? இனி நான் சொல்லலாமா?”

“பொறுக்க வேண்டும். பத்தொன்பது பாயிரம் இன்னும் வரவில்லை” என்றார் நம்பி.

“யார் யாருடையது?” என்று கேட்டார் அரசர்.

நம்பி ஓலையை விரித்தார். “உப்பு வண்டி உலகமுத்து” என்று தொடங்கிப் பத்தொன்பது பெயர்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முதற் பெயரைக் கேட்டதும் ஆவுடைத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இவனை இவர்களைவிட நெருக்கத்தில் கண்டவர் எவருமில்லை, பிரபு. ஒருவரையும் விடலாகாது என்பது தங்கள் கட்டளை. அவர்கள் வந்து சொல்லி முடித்ததும் நூலைத் தொடங்கலாம். அதுவரை நூலாசிரியர் சிறையில் காத்திருக்கட்டும்.”

அரசர் ஓலையையும் அதன்மேலிருந்த தம் முத்திரையையும் பார்த்தார். பின்பு சிரிக்கத் தொடங்கினார். ஆவுடைத்தாயின் பக்கம் கண் சென்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நம்பிக்கு இரட்டைச் சால்வை போர்த்தினார். அந்தப் பத்தொன்பது பெயர்களையும், எதுகை அமைந்தாலும் அமையாவிட்டாலும், பாட்டில் வைக்குமாறு கவிராயருக்கு ஆணையிட்டார்.

ஒற்றைக்கடுக்கன் மேடையிலிருந்து இறக்கப்பட்டுச் சிறைக்கு மீண்டது விளம்பி வருடம், ஐப்பசி மாதம், ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதில்.