பின்னால் வருகிறவருக்கு

இந்தக் கதையை மருதாசலம் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டும். வருஷக்கணக்காக அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. மனைவியைப் பறிகொடுத்த ஒரு மனிதரிடம் போய் எதைக் குடைவது என்று ஒரு தயக்கம். சந்தேகம் அவர்மேல்தானா, என்மேலா என்று இன்னொரு தயக்கம்.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

*

"டவுனுக்குள்ள ஓட்ட முடியுதுங்க அம்மணி. தோப்பு ஆரம்பிச்சா முடியறதில்லை."

கோயமுத்தூர் முடிகிற இடத்தில், பேரூர் தாண்டி ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை விடியல். பூங்கோதை குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

வாரநாளில் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். ஞாயிறானால் சைக்கிள்காரர்களைச் சேர்த்து ஊருக்கு வெளியே கூட்டிப்போவாள். மருதாசலத்தைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். இருந்தாலும் கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் வாத்தியாரம்மா. அன்று மற்றவர்களை மருதமலை ரோட்டில் அனுப்பிவிட்டு, இவருக்காகத் தங்கியிருந்தாள்.

"தோப்புல என்னங்ணா? நாய் தொரத்துதா?"

"நாய்னாத்தான் பரவாயில்லையே."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

அவரும் தேவகியும் ஞாயிறு தவறாமல் போன ரோடு அது. அவர் முன்னால், தேவகி பின்னால். பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை. மாதம்பட்டி முக்கிலிருந்தே பாக்குத்தோப்புகள். மலை எதிரே வந்து நிற்கும் இடத்தில் வனத்துறை கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆளுக்கொரு கொய்யாப்பழம் தின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

தேவகியின் வண்டியில் பின்சக்கரம் சத்தம் போடும். பெடலை மிதிக்காமல் விட்டால் டிக் டிக் டிக் என்று ஓடும். எண்ணெய் விடுகிறேன் என்றால் விடமாட்டாள்.

"நான் வர்றேனா இல்லையான்னு நீங்க திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை பாருங்க" என்பாள்.

அவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"டவுன்ல பஸ்ஸும் லாரியுமா இருக்குதுங்க. அந்த எரைச்சல்ல அவ இல்லாதது தெரியறதில்லை. மாதம்பட்டி முக்கு திரும்பினா எல்லாம் அடங்கிப்போகுது. அப்பத்தான் கேக்குது."

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலைங்கறது கேக்குது. கால் நின்னு போயிடுது. வண்டி தானா வீட்டுக்குத் திரும்பிடுது."

பூங்கோதை டயரை அமுக்கிப் பார்த்தாள்.

"அந்தக் கேட் வரைக்கும் ஒரே ஒருக்காப் போகணுங்க. போக முடியாட்டி ரெண்டு வண்டியையும் யாருக்காவது குடுத்துட்டு உக்காந்துடலாம்னு இருக்கேன்."

"முன்னால போறப்ப கை காட்டுவீங்ளா?"

சைக்கிள்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் குழியைக் கண்டதும் அந்தப் பக்கத்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டுவார். பின்னால் வருகிறவர் ஒதுங்கிக்கொள்வார்.

"காட்டிட்டுத்தான் இருந்தேன். அவ ஒரு குழியிலகூட விழுந்ததில்லை."

"இப்ப?"

"இப்ப யாருக்குங்க காட்டறது?"

பூங்கோதை பம்ப்பைப் பிடுங்கினாள். கொஞ்சம் காற்று சீறிப் போனது.

"பின்னால வாங்க" என்றாள்.

*

அவள் முன்னால் போனாள். குழி வந்த இடமெல்லாம் கையை இறக்கினாள். மருதாசலம் ஒதுங்கி ஒதுங்கிப் பின்தொடர்ந்தார்.

மாதம்பட்டி முக்கு வந்தது. அவர் கால் நின்றது.

அவள் நிற்கவில்லை. அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பாக்கு மரங்கள். நடுவில் அவள் சிறியவளாகிக்கொண்டே போனாள். திடீரென்று அவளுடைய இடது கை கீழே இறங்கியது. கொஞ்ச தூரம் போய் வலது கை. மறுபடி இடது.

வெறும் ரோட்டுக்கு யாரோ சைகை செய்வதுபோல் இருந்தது.

அவள் திரும்பி வந்ததும் கேட்டார்.

"நான் முக்குலயே நின்னுட்டேன். தெரியலையா?"

"தெரியுமே."

"அப்புறம் யாருக்குக் கை காட்டிட்டுப் போனீங்க?"

"குழி இருந்துச்சுங்ணா."

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் போகிறது, கேலி செய்யாமல் இருக்கலாமே என்று நினைத்தார். சொல்லிக்கொள்ளாமலே வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் தேவகியின் வண்டி சுவரோரம் நின்றது. கைப்பிடியில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்.

டிக் டிக் டிக் என்று கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது.

இன்னொரு தடவை சுற்ற அவருக்கு மனசு வரவில்லை.

*

அடுத்த ஞாயிறும் டீக்கடைக்குப் போனார்.

"கோவம் போயிடுச்சுங்ளா?" என்றாள் பூங்கோதை.

"இல்லை."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"தெரியலைங்க."

"சரி, இன்னிக்கு நீங்க முன்னால போங்க."

"முக்குல நின்னுடுவேன் அம்மணி."

"நில்லுங்க. யாரு வேண்டாம்னா?"

கிளம்பினார்கள். பஸ்கள், பால்வண்டிகள், செங்கல் ஏற்றிய லாரிகள். முக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்தை ஒட்டி ஒரு குழி. அவருக்குப் பழகிய குழிதான். வளைத்து ஓட்டிக்கொண்டு தாண்டினார்.

பின்னால் தடால் என்று சத்தம்.

திரும்பி ஓடினார். பூங்கோதை ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ரத்தம்.

"ஏனம்மணி, கண்ணு தெரியலையா? எருமை படுத்துக்கலாம் அந்தக் குழியில. அது தெரியாம வந்து விழறீங்க?"

"நான் ரோட்டைப் பார்க்கலைங்ணா."

"பின்னே எதப் பார்த்தீங்க?"

"உங்க கையை."

மருதாசலம் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினார்.

"திரும்பிடலாங்க."

"போங்க. நான் வர்றேன்."

அவள் வண்டியை நிமிர்த்திப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். டிக் டிக் டிக் என்றது.

"உங்க வண்டியும் இப்படிக் கத்துமா?"

"போன வாரம் வரைக்கும் கத்தலை. நேத்துத்தான் எண்ணெயெல்லாம் தொடச்சு எடுத்தேன்."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஏறி மிதித்தார்.

முக்கு வந்தது. லாரிச் சத்தம் முதுகுப் பக்கம் தேய்ந்து போனது. கால் கனத்தது. அப்போது பின்னாலிருந்து கேட்டது, டிக் டிக் டிக்.

திருப்பத்திலேயே ஒரு குழி கிடந்தது. அவரைக் கேட்காமலே அவருடைய இடது கை கீழே இறங்கியது. குழியைத் தாண்டும்போதுதான் முக்கையும் தாண்டிவிட்டது தெரிந்தது.

அதன் பிறகு தோப்பு. ஈர மண் வாசனை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். எங்கோ மயில் ஒன்று கத்தி ஓய்ந்தது. விழுந்துகிடந்த பாக்கு மட்டைக்குக் கை காட்டினார். உடைந்த பாட்டிலுக்குக் காட்டினார். ஆலாந்துறை போனது. ரோடு மேடேறி இறங்கியது. ஓரிடத்தில் தார் லேசாக அமுங்கிச் சின்னப் பள்ளம். இதற்கெல்லாம் கை காட்டினால் தேவகி சிரிப்பாள்.

"கன்னத்துல விழற குழிக்குக்கூடக் கை காட்டுவீங்க போலிருக்கு" என்பாள்.

அதற்கும் காட்டினார்.

மலை கிட்டத்தில் வந்தது. பாதி மேகத்துக்குள் இருந்தது. கேட் தெரிந்தது. காவலாளி எழுந்து நின்றான், பழைய ஆள்தான்.

"என்னங்ணா, ரொம்ப நாளா ஆளையே காணோம்? அம்மா பின்னால வர்றாங்ளா?"

அப்போதுதான் மருதாசலம் திரும்பிப் பார்த்தார்.

வளைவு வரைக்கும் ரோடு காலியாகக் கிடந்தது. மர நிழல் மட்டும் அசைந்தது.

*

திரும்பி வருகையில் முக்குக்குச் சற்று உள்ளே, தோப்பு தொடங்கும் இடத்தில், மைல்கல்மேல் பூங்கோதை உட்கார்ந்திருந்தாளாம். முழங்காலில் கைக்குட்டை. கையில் பாதி தின்ற கொய்யாப்பழம். இவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மீதிப் பாதியை நீட்டினாளாம்.

இதோடு மருதாசலம் கதையை முடித்துவிடுவார். முடிக்கும்போது மறக்காமல் ஒன்று சொல்வார். "கேட்டுல திரும்பிப் பார்த்தப்பத்தானுங்க அந்த அம்மணி பின்னால இல்லைங்கறதே எனக்குத் தெரிஞ்சுது."

அந்த இடம்தான்.

தோப்புக்குள் ஒரு சத்தம் கேட்கவில்லை என்பதற்காகத்தான் அந்த மனிதரின் கால் அத்தனை நாள் நின்றுபோயிற்று. பூங்கோதை தோப்பின் தொடக்கத்திலேயே தங்கிவிட்டாள். அங்கேயே சத்தமும் நின்றிருக்கும். அது அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா? மீதி ரோடு முழுக்க?

போன மாதம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த ரோட்டில் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். வழியெல்லாம் எனக்குக் குழி காட்டிக்கொண்டு வந்தார். தோப்புக்குள் ஓரிடத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டிலும் இப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அதனால் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"மருதாசலம், தப்பா நினைக்காதீங்க" என்றேன். "சத்தம் நின்ன பிறகு யாருக்குங்க கை காட்டிட்டுப் போனீங்க?"