ஸ்க்ராம்ப்ளருக்கு மூன்று கருத்து

மணியாங்காட்டில் செங்கோடன், வையாபுரி, அத்தியப்பன் என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் காது ரொம்பத் துல்லியம். யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதை ஒரு சொல் சிந்தாமல் செய்துவிடுவார்கள். மற்றபடி அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது.

செங்கோடன் கோழித்தீவனக் கடை வைத்திருந்தான். ஆள் குள்ளம். அவன் மனைவி தமயந்தி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், நல்ல உயரம். கல்யாணப் போட்டோ எடுத்தது ஸ்டூடியோ வைத்திருக்கும் அத்தியப்பன்தான். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தான். படத்தில் இரண்டு பேரும் ஒரே உயரம். அவன் வாழ்நாளில் செய்த ஒரே தந்திரம் அது.

நாமக்கல்லில் கரூர் ரோட்டுக் கடையில் ஒரு வண்டி வந்து இறங்கியிருந்தது. ஸ்க்ராம்ப்ளர் என்றார்கள், நானூறு சிசி மோட்டார் சைக்கிள். ரொம்பப் பெரிய வண்டியும் இல்லை, சின்னதும் இல்லை. வட்ட விளக்கு, கம்பி போட்ட சக்கரம், முண்டும் முடிச்சுமாக டயர், தூக்கிக் கட்டிய சைலன்சர், பழுப்பு நிறத்தில் நீள சீட். கோழித்தீவன மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்த செங்கோடனுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்ன?" என்றாள் தமயந்தி.

சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஓட்டுனவங்க மூணு பேரு கருத்தக் கேளுங்க. மூணு பேரும் ஒரே மாதிரி நல்லதாச் சொன்னா எடுத்துக்கலாம். ஆளுக்கு ஒண்ணு சொன்னா அந்தப் பேச்ச விட்டுறணும். இருக்கற மொபெட்டே போதும்."

நியாயமான பேச்சு. ஆனால் அந்த வட்டாரத்தில் அந்த வண்டியை ஓட்டியவர் ஒருவரும் இல்லை. ஆகவே மூன்று பேரும் தாங்களே ஓட்டியவர்களாகிவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனார்கள்.

கடையில் நவநீதன் என்று ஒரு பையன், நல்ல மரியாதை தெரிந்தவன். "பாக்கறதுக்குப் பழைய காலத்து வண்டியாட்டம் இருக்கும்ணா. ஆனா எல்லாம் புதுசு" என்றான்.

"எங்க வீட்டுலயும் எல்லாம் புதுசா வாங்குனதுதான் தம்பி. பழசாட்டம்தான் இருக்குது" என்றான் வையாபுரி. அவன் போர்வெல் லாரியில் குழாய் இறக்குகிறவன்.

செங்கோடனுக்கு அந்தக் கடையில் பழக்கம் இல்லை. கடை முதலாளியின் கோழிப்பண்ணைக்குத்தான் ரொம்ப நாளாகத் தீவனம் போட்ட பழக்கம். அதனால் முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார், வண்டியைச் சாயங்காலம் வரை கொடு என்று. நவநீதன் சாவியைக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொன்னான்.

வையாபுரியைப் பார்த்துச் சொன்னான்: "காடு, மேடு, கல்லு, மண்ணு எதுலயும் போகும்ணா. இந்த வண்டிக்கு ரோடே வேண்டாம்."

அத்தியப்பனைப் பார்த்துச் சொன்னான்: "புது வண்டிங்ணா. மொதல்ல கொஞ்சம் பழகட்டும். அப்பறம் முடுக்கிக்கலாம்."

செங்கோடனைப் பார்த்தவன் கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்கு சீட் கொஞ்சம் ஒசரம்ணா. ரெண்டு காலும் தரையில எட்டற எடமாப் பாத்து நிறுத்துங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க. பரமத்தியிலிருந்து ஒருத்தர் இதே வண்டியைக் கேட்டு வர்றாரு. நீங்க எடுக்கலீன்னா அவருக்குத்தான்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். செங்கோடன் மட்டும் பரமத்திக்காரரை நினைத்து மணியைப் பார்த்துக்கொண்டான்.

கடைக்கு நேர் எதிரே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புன்செய்க் காடு. அதைத் தாண்டினால் மணியாங்காடு. வையாபுரி வண்டியை ரோட்டு ஓரம் வரை தள்ளிக்கொண்டு வந்து நின்றுவிட்டான்.

"என்னடா நிக்கற?" என்றான் செங்கோடன்.

"ரோடு வருது."

மூன்று பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ரோடு வேண்டாம்னுதான் சொன்னாரு. ரோட்டுல போகக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான் செங்கோடன்.

"வேண்டாம்ங்கறத எதுக்கு மாப்ள வம்படியாக் குடுக்கறது? நாளைக்கு ஏதாச்சும் ஆனா நம்மளத்தான் கேப்பாங்க" என்றான் அத்தியப்பன்.

அது சரியாகப் பட்டது. டீக்கடையில் நின்ற நாலைந்து பேரைக் கூப்பிட்டார்கள். எல்லோருமாக வண்டியைத் தூக்கி, ரோட்டில் டயர் படாமல் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, நல்லா இருக்குது. ரோடுதான் ஆகாது" என்றான் வையாபுரி.

காட்டுக்குள் வண்டி நன்றாகத்தான் போனது. முன்னால் வையாபுரி, பின்னால் செங்கோடன், அவனுக்கும் பின்னால் பாதி சீட்டிலும் பாதி காற்றிலுமாக அத்தியப்பன். புழுதி உழவு ஓட்டிப் போட்டிருந்த ஒரு காட்டின் நடுவே போகும்போது, காட்டுக்காரம்மா வரப்பிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, ரோடு அங்க கெடக்குதே. என்ற காட்டுக்குள்ள எதுக்கு வர்றீங்க?"

"இதுக்கு ரோடு வேண்டாமுங்க."

"ரோடு வேண்டாத வண்டிய எதுக்குய்யா வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. கருத்து சொல்றதுக்கு ஓட்டறோம்."

அந்தம்மா வண்டி வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தார். முண்டு டயர் மண்ணைக் கீறி, வரப்பிலிருந்து நேராக ஒரு கோடு போட்டிருந்தது. அவருக்கு முகம் தெளிந்தது. "கருத்துன்னா ஒருக்கா ஓட்டுனாத் தெரியுமா கண்ணு? அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும் ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும். கோடு கோணாம ஓட்டு. சாலுக்குச் சாலு ஒரு மொழம் விடு."

வையாபுரி ஓட்டினான். கோணாமல் ஓட்டினான். மற்ற இருவரும் இறங்கி அளவு பார்த்தார்கள். காடு முழுக்கச் சால் பிடித்து முடிந்ததும் அந்தம்மா சொம்பு நிறைய மோர் கொடுத்து, "பங்காளிக்கும் ஒரு காடு இருக்குது, அடுத்த வாரம் கருத்து சொல்ல வர்றீங்களா?" என்றார்.

மூன்று பேரும் செங்கோடன் வீட்டுக்கு வரும்போது நடுமத்தியானம் ஆகிவிட்டது. அடுத்து அத்தியப்பன் முறை. அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். ஏறவில்லை.

"பழகட்டும்னு சொன்னாரு. யாரோடன்னு சொல்லலியே" என்றான்.

"நம்ம கூடத்தான், வேற யாரு" என்றான் வையாபுரி.

"நம்மள அதுக்குப் புரியாது. வண்டிக்கு வண்டியோடதானே பழக்கம் வரும்."

வாசலில் வேப்பமரத்தடியில் செங்கோடனின் மொபெட் நின்றது. அத்தியப்பன் ஸ்க்ராம்ப்ளரைத் தள்ளிக்கொண்டு போய் அதற்கு எதிரே, விளக்குக்கு விளக்கு நேராக நிறுத்தினான். ரொம்ப நெருக்கினால் புதுசு மிரளும் என்று ஒரு முழம் இடைவெளி விட்டான். பிறகு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் பேசினால், "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் பழக ஆரம்பிச்சிருக்குது" என்றான். அவனே கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான்.

அவன் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செங்கோடன் பொறுமையெல்லாம் தீர்ந்து வண்டியின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பழகிருச்சா?" என்றான்.

"நல்லாப் பழகிருச்சு. ஒரு சண்டையில்ல."

ஊர்க் களம் பெரியது, வட்டமானது, காரை போட்டது. ரோடு இல்லை. வையாபுரி வண்டியைப் பிடித்துக்கொள்ள, அத்தியப்பன் தூக்கிவிட, செங்கோடன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. ஆனால் கிளப்பியதும் வண்டி ஒரு தினுசாக உறுமிக்கொண்டு அவனைத் தூக்கிப் போனதே, அந்த நேரத்தில் அவன் குள்ளம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. தீவன மூட்டையும் கடனுக்குக் கேட்கும் பண்ணைக்காரர்களும் காற்றோடு போனார்கள். களத்தை ஒரு சுற்று வந்தான். இன்னொரு சுற்று வந்தான். மூன்றாவது சுற்றில் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

"போதும் மாப்ள, நிறுத்து" என்றான் வையாபுரி.

"எட்டற எடம் பாத்துட்டு இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே செங்கோடன் அவர்களைத் தாண்டிப் போனான்.

மறுபடி வந்தபோது அத்தியப்பன் கேட்டான்: "அந்தப் பக்கம் எட்டுதா?"

"எல்லாப் பக்கமும் ஒரே ஆழமா இருக்குது" என்றான் செங்கோடன், போய்க்கொண்டே.

இரண்டு பேரும் களத்தின் நடுவில் நின்று ஆலோசித்தார்கள். காலை நீளமாக்க முடியாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வண்டி அடுத்தவன் வண்டி, அதை வெட்ட முடியாது. மிச்சம் இருப்பது தரைதான்.

"தரையத் தூக்கிக் குடுத்தறலாம்" என்றான் வையாபுரி.

பக்கத்தில் நூலகக் கட்டட வேலைக்கு ஹாலோ பிளாக் கல் அடுக்கியிருந்தது. ஆளுக்கு ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வண்டியின் இடது பக்கம் வையாபுரி, வலது பக்கம் அத்தியப்பன். செங்கோடன் மெதுவாக ஓட்ட, இருவரும் கல்லோடு கூடவே ஓடினார்கள்.

"எங்கடா நிறுத்தறது?" என்றான் செங்கோடன்.

"கல்லு வெக்கற எடத்துல."

"எங்க வெக்கப் போறீங்க?"

"நீ நிறுத்தற எடத்துல."

இதில் யார் முதலில் என்று தீராமல் இன்னும் சில சுற்று ஓடினார்கள். கடைசியில் அத்தியப்பன் கை ஓய்ந்து கல்லைப் போட்டான். அதைப் பார்த்து வையாபுரியும் போட்டான். செங்கோடன் பிரேக்கைப் பிடித்தான். தெய்வாதீனமாக இரண்டு காலும் இரண்டு கல்லின் மேல் பதிந்தன. மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள்.

"எட்டுது" என்றான் செங்கோடன். அவன் கண் கலங்கியிருந்தது.

அந்த இடத்துக்கே தமயந்தி வந்துவிட்டாள். மணி நாலைத் தாண்டியிருந்தது. "கடைக்காரத் தம்பி போன் பண்ணிட்டாரு. பரமத்திக்காரர் கெளம்பிட்டாராம். கருத்து என்ன ஆச்சு? அண்ணா, நீங்க மொதல்ல சொல்லுங்க."

வையாபுரி தொண்டையைச் செருமினான். "நல்லா உழுகுதும்மா. சாலு கோணறதே இல்ல."

"அத்தியப்பண்ணா?"

"ரொம்பச் சாதுவான வண்டி. என்ற முறை பூராவும் சத்தமே போடல. மத்த வண்டியோட முட்டறது மோதறது கிடையாது."

தமயந்தி கணவனைப் பார்த்தாள். அவன் கல்லிலிருந்து காலை எடுக்காமல், "போனாப் போயிட்டே இருக்குது தமயந்தி. நிக்கச் சொன்னா நிக்க மாட்டேங்குது. ஆனா அதும் மேல உக்காந்தா மனசுக்கு நல்லா இருக்குது" என்றான்.

"நான் வண்டியப் பத்திக் கேட்டேன்" என்றாள் அவள். "நீங்க மூணு பேரும் மாட்டப் பத்திச் சொல்றீங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேச வேண்டியிருந்தது. செங்கோடன் இறங்க முடியாததால் மற்றவர்கள் அவன் பக்கத்திலேயே குனிந்து பேசினார்கள். பிறகு வையாபுரி நிமிர்ந்து, "மாடுதாம்மா. மூணு பேருக்கும் ஒரே கருத்து. நல்ல மாடு" என்றான்.

தமயந்தி செங்கோடனை இறக்கச் சொன்னாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் வண்டியை ஓட்டிப் பழகியவள். இரண்டு காலும் காரைத் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. கல் இல்லாமல். களத்தை ஒரு சுற்று வந்தாள், அந்தப் பக்கம் எட்டுப் போட்டுத் திரும்பினாள், வந்து நின்றாள்.

"நல்ல வண்டிங்க" என்றாள். முகம் பதினெட்டு வயசாட்டம் இருந்தது. "எடுத்தறலாம். ஏறுங்க பின்னாடி."

அவள் ரோட்டு வழியாகத்தான் போனாள். ரோட்டில் டயர் பட்டதும் செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய்ச் சேரும்போது பரமத்திக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. மற்ற இருவரும் மொபெட்டில் பின்னாலேயே வந்தார்கள். பளபளவென்று டைல்ஸ் போட்ட கடை என்பதால் தமயந்தி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையெழுத்துப் போட முதலாளி அறைக்குள் போனாள்.

வாசலில் மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எட்டாத தரை அவளுக்கு மட்டும் எப்பிடிடா எட்டுச்சு?" என்றான் செங்கோடன்.

"வண்டி அதேதான். களமும் அதேதான்" என்றான் வையாபுரி.

"ஆளு வேற" என்றான் அத்தியப்பன்.

"ஆளு வேற இல்லடா. கல்யாணப் போட்டோவுல ரெண்டு பேரும் ஒரே ஒசரம். நீதானே எடுத்த" என்றான் வையாபுரி.

அத்தியப்பனால் அதை மறுக்க முடியவில்லை. படம் பொய் சொல்லாது. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தலையிலிருந்து யோசித்துக்கொண்டே கீழே வந்தார்கள். வையாபுரியின் பார்வை வாசற்படியில் நின்றது. மூன்று பேரும் அங்கே பார்த்தார்கள்.

செங்கோடன் குனிந்து தமயந்தியின் செருப்பை எடுத்தான். தூசியைத் துடைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய், நவநீதன் மேசைமேல் மரியாதையாக வைத்தான்.

"தம்பி, வண்டியோட இதே மாதிரி ஒரு ஜோடி எனக்கும் குடுத்துருங்க."

நவநீதன் செருப்பைப் பார்த்தான், மூன்று பேரையும் பார்த்தான். மரியாதை தெரிந்த பையன். "என்ன அளவுங்ணா?" என்றான்.

செங்கோடன் திரும்பிச் சிநேகிதர்களைப் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள்.

"நானூறு சிசிக்கு எந்த அளவு வருமோ, அது."