வடையில் வந்த பாடம்

நாள் முழுக்கப் பேசும். பேசக் கூடாது என்றே பேசும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

தெரியாவிட்டால் ஆசிரியர் பயிற்சி நடந்த அந்தக் கூடத்துக்கு வாருங்கள். "வகுப்பில் ஆசிரியர் பேசக் கூடாது. செய்து காட்ட வேண்டும்" என்று பயிற்சியாளர் திருவேங்கடம் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் மரியபுஷ்பம் டீச்சர் விட்ட கொட்டாவி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"எழுந்திரிங்கம்மா. வாயே திறக்காம இந்தப் பாப்பாவுக்குப் பின்னம் சொல்லிக்குடுங்க. முடியலேன்னா அடுத்த வாரமும் பயிற்சிக்கு வரணும்."

மாதிரி வகுப்புக்காக அழைத்து வந்திருந்த சிறுமி தவமணி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மரியபுஷ்பத்தின் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். அவர் போகாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு.

"சரிங்க சார். முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க. அப்படித்தானே சொன்னீங்க?"

திருவேங்கடம் சாக்பீஸை எடுத்தார். "இங்க பாரு பாப்பா" என்றார். கூடம் சிரித்தது.

"சிரிக்காதீங்க, நான் இன்னும் ஆரம்பிக்கல. பேசாமல் கற்பிப்பது என்பது என்னவென்றால்..." என்று தொடங்கியவர் தேநீர் வரும்வரை நிறுத்தவில்லை.

மரியபுஷ்பம் தேநீரோடு வந்த வடையில் ஒன்றை எடுத்துத் தவமணியின் கையில் வைத்தார். அவளையும் தன்னையும் சாரையும் விரலால் காட்டினார். தவமணி யோசித்தாள். வடையைச் சமமாக மூன்றாகப் பிட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

வாயில் வடை இருந்தவரை திருவேங்கடம் பேசவில்லை. விழுங்கியதும், "இதெல்லாம் ஒரு பாடமா? பாப்பாவே சொல்லட்டும். அடுத்த வாரம் யார் பயிற்சிக்கு வரணும்?" என்றார்.

தவமணி அவரைக் காட்டினாள்.