துபாஷ் வீட்டு வைரத்தோடு

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் சென்னைப் பட்டணத்தில் கமலவேணி என்று ஒருத்தி இருந்தாள். பிடிபட்ட பெண்களைச் சோதனை போடப் போலீஸார் அவளைக் கூப்பிடுவார்கள். சோதனை போடப் போனவள், போலீஸார் தேடாததையும் சேர்த்துக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு பெரிய வீடுகளிலிருந்து அவளுக்கே வண்டி வர ஆரம்பித்தது.

அவளுக்கு ஒரு சீடர். பெயர் தேவசகாயம். அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர், ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர். அவர் தப்பாகப் பிடித்துப் போட்ட ஒருவனை அவள் வெளியே கொண்டுவந்தாள். மறுநாளே மனிதர் வேலையை விட்டுவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு அவள் வாசலில் வந்து நின்றார். மீசையைப் பார்த்தால் அவர்தான் குரு என்று யாரும் நினைப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

தேவசகாயத்திடம் ஒரு இங்கிலீஷ் துப்பறியும் நாவல் இருந்தது. பனிமூட்டம், பெரிய பங்களா, காணாமல் போன ஒரு கல். அட்டை கிழிகிற வரைக்கும் படித்தாயிற்று. படித்த கையோடு சைனா பஜாரில் ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கிவிட்டார்.

“அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகவே படிக்கலாம் அம்மா,” என்றார் ஒரு நாள் வண்டியில் போகும்போது. “துப்பறியறவர் எல்லாரையும் கூடத்திலே உட்கார வச்சு, நடுவிலே நின்னு, ஒவ்வொரு முடிச்சா அவிழ்ப்பார். நமக்கு அப்படி எப்போ வாய்க்கும்?”

“வீடு வந்துடுச்சு. இறங்குங்க,” என்றாள் கமலவேணி.

வந்தது துபாஷ் தணிகாசலத்தின் வீடு. வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசியே கொழித்தவர். மனைவி வேதவல்லிக்கு அவர் வாங்கிக் கொடுத்த வைரத்தோடு காணவில்லை.

வைரம் வாங்குகிறவர்கள் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். நல்லது நடந்தால் வாங்குவார்கள், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். துபாஷ் அதெல்லாம் பார்க்கவில்லை. “கப்பலுக்கே நாள் பார்க்காதவன், கல்லுக்கு ராசி பார்ப்பேனா?” என்று பட்டணமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகைப்பெட்டியைத் திறந்தால் தோடு இல்லை. சந்தேகம் செங்கமலத்தின் மேல் விழுந்தது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அந்த அறைக்குள் போய் வருகிறவள். மறுநாள் காலையில் துபாஷே அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கி வந்து, வீடே பார்க்க முற்றத்தில் கொட்டிக் கவிழ்த்தார். தோடு வராவிட்டால் போலீஸில் ஒப்படைப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

கமலவேணி போனபோது செங்கமலம் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். காலைச் சுற்றி அவளுடைய புடவைகள், ரவிக்கைகள், ஒரு மரச்சீப்பு. அவள் அழவில்லை.

“எடுத்து வச்சுக்கயேன்மா,” என்று சமையற்காரர் கெஞ்சினார்.

“நானா கொட்டினேன்?” என்றாள் செங்கமலம்.

அந்த ஒரு கேள்வியிலேயே கமலவேணிக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

தேவசகாயம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கப் போனார். கமலவேணி நேரே வேதவல்லியின் அறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். வேதவல்லியின் மடியில் குழந்தை கிடந்தது.

“பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?”

“இப்போ தேவலாம். அனலா கொதிச்சான். எந்தக் கஷாயத்துக்கும் அடங்கலை. வியாழக்கிழமை அந்தக் கல்லு வாசப்படி தாண்டினப்புறம்தான் கண்ணைத் தொறந்து பால் கேட்டான்.”

கமலவேணி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமைதானே காணோம்னு தெரிஞ்சுது? வியாழக்கிழமையே வாசப்படி தாண்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வேதவல்லியின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தோடு வந்த அன்றைக்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கணவரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் அவளே எடுத்துக்கொண்டு போய்த் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குள் செருகிவிட்டாள். அவர் செங்கமலத்தின் பெட்டியைக் கொட்டியபோது அவளுக்கு வாய் எழவில்லை.

அதற்குள் தேவசகாயமும் வந்து அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“தோட்டைக் கொண்டுவந்து கொடுத்துடறேன்,” என்றாள் வேதவல்லி. “பீரோவுக்குப் பின்னாலே விழுந்து கிடந்துதுன்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சிடும்.”

பெரிய இடத்து மானமும் போகாது, ஆயாவும் தப்பித்துக்கொள்வாள். தேவசகாயத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கமலவேணி தலையை அசைத்தாள். “செங்கமலமே பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டுட்டான்னு பேசுவாங்க. செங்கமலம் சாகிற வரைக்கும் பேசுவாங்க.”

“அப்போ நீங்களே சொல்லிடுங்க. என்னாலே முடியாது,” என்றாள் வேதவல்லி.

தேவசகாயத்தின் கை தானாக மீசைக்குப் போயிற்று. “நான் சொல்றேன் அம்மா. எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்க. ஆனா பேசப்போறது நீங்க இல்லை, நானும் இல்லை.” கமலவேணி வேதவல்லியின் பக்கம் திரும்பினாள். “பிள்ளை காய்ச்சல்லே கிடந்தப்போ யார் மடியிலே கிடந்தான்?”

“செங்கமலம் மடியிலேதான்,” என்றாள் வேதவல்லி. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வீடு முழுக்க முற்றத்தைச் சுற்றி நின்றது. வேதவல்லி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். துபாஷ் அடித்து வைத்த மாதிரி நின்றார். அத்தனை பேர் முன்னால் அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

“டேய், அந்தத் துணியெல்லாம் எடுத்துப் பெட்டியிலே வை,” என்றார் வேலைக்காரனிடம்.

அவன் குனிந்தான்.

“வேண்டாம்ப்பா,” என்றாள் செங்கமலம். “நீ கொட்டலை.”

துபாஷ் சுற்றிலும் பார்த்தார். அத்தனை கண்ணும் அவர் மேல்தான் இருந்தது. சரிகை அங்கவஸ்திரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கிக் குந்தினார். ஆயுசில் ஒரு துணி மடித்து அறியாதவர். புடவையைக் கோணல் மாணலாக மடித்தார். செங்கமலம் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மரச்சீப்பையும் எடுத்து வைத்துப் பெட்டியை மூடினார். இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

“போயிடாதே செங்கமலம்,” என்றாள் வேதவல்லி. “இங்கேயே இரு.”

செங்கமலம் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

“ரெண்டு நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. நான் வரேன்மா.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள்.

திரும்பும்போது வண்டியில் தேவசகாயத்துக்குப் பொறுக்க முடியவில்லை.

“மனசு ஆறலை அம்மா. முடிச்சை அவிழ்த்தது நீங்க. அந்த வீட்டு ஜனங்களுக்கு அது தெரியவே தெரியாது. தூணோரமா நின்னுட்டு வந்துட்டீங்க. நடுவிலே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“துபாஷ் துணி மடிச்சப்போ செங்கமலம் எங்கே நின்னாங்க?”

“நடு முற்றத்திலே.”

“எப்படி நின்னாங்க?”

தேவசகாயம் யோசித்தார். “நிமிர்ந்து நின்னாங்க.”

“அங்கே இன்னொருத்தர் நிக்க இடம் இருந்துச்சா?” என்றாள் கமலவேணி.