சேராத ஹெட்போன்

சங்கரன்கோவிலில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஜெனிட்டாவிடம் இரண்டு பேர் தொழில் கற்றார்கள். ஒருவர் சுடலைமணி. பழைய டிவி மெக்கானிக். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். இன்னொருத்தி பர்வீன். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

சிக்கலான வேலை வந்தால் ஜெனிட்டா பர்வீனைத்தான் அனுப்புவாள். மூன்று வருஷமாகக் கூடவே இருக்கும் தனக்குக் கேபிள் மாற்றுகிற வேலைதானா என்று சுடலைமணிக்கு வயிறு எரியும். போகிற வீட்டில் “அந்தப் பிள்ளை வரலையா?” என்று கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்வீனுக்கு லீவு. மதியம் இரண்டு மணிக்குக் கோமதிநாயகம் வீட்டுக்குச் சுடலைமணி போனார். கோமதிநாயகத்துக்குக் காது மந்தம். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால்தான் கம்ப்யூட்டரில் பேசுவது கேட்கும். மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு மறுநாள் இருதய ஆபரேஷன். நாலு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஹெட்போனோ கம்ப்யூட்டரோடு சேர மாட்டேன் என்கிறது.

போன வாரம் அதைச் சேர்த்துக் கொடுத்தவள் பர்வீன் என்று தெரிந்ததும் சுடலைமணிக்குள் ஒரு குறுகுறுப்பு. அவள் செய்ததுதான் கோளாறு என்று காட்டிவிட வேண்டும். அவள் போட்டிருந்த செட்டிங்கையெல்லாம் அழித்தார். புதிதாகத் தேடினார். பட்டியலில் ஹெட்போன் பெயரே வரவில்லை. கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டார். அப்போதும் வரவில்லை.

மூன்றரை மணிக்கு வேறு வழியில்லாமல் ஜெனிட்டாவைக் கூப்பிட்டார். பர்வீன் கெடுத்து வைத்திருக்கிறாள் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

ஜெனிட்டா வந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கோமதிநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை இன்றைக்கு வேறு எதற்காவது எடுத்தீர்களா என்று சத்தமாகக் கேட்டாள்.

“காலையில செல்போன்ல பாட்டு கேட்டேம்மா. இவுக வந்ததுமே சொன்னேன். காதுல வாங்கல.”

செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. ஹெட்போன் இன்னும் அதோடுதான் இணைந்திருந்தது. ஜெனிட்டா போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு வந்து, ஹெட்போனின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பட்டியலில் பெயர் வந்தது.

நாலு மணிக்கு மகள் கூப்பிட்டாள். கோமதிநாயகம் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “சொல்லு தாயி” என்றார்.

வாசலில் சுடலைமணி செருப்பு மாட்டாமல் நின்றார். ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்ததை அப்போது கேட்டார்.

“என்கிட்ட இல்லாதது அவகிட்ட அப்படி என்ன இருக்கு டீச்சர்?”

ஜெனிட்டா ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினாள்.

“இந்த வீட்டுல ரெண்டு மணி நேரம் இருந்தீங்க அண்ணே. யாரோட இருந்தீங்க?”