ஒரு விரற்கடை இறக்கம்

சிங்காநல்லூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுகந்திக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட திருமலைச்சாமிக்கு அறுபத்தொன்று. மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எது பத்தாம் நம்பர் ஸ்பேனர், எது பன்னிரண்டு என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அதற்காக சுகந்தி ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. திருமலைச்சாமி குருவை "அம்மிணி" என்பார். குரு அவரை "சார்" என்பார்.

ஒரு சனிக்கிழமை, கடை சாத்தும் நேரத்தில் அவர் கேட்டார்.

"அம்மிணி, வீட்டுல நான் செஞ்சு வெச்சிருக்கற லிப்ட் பத்திரமானதுதானான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

லிப்ட் என்றால் பைக்கை மேலே நிறுத்தித் தூக்குகிற இரும்பு மேடை. போனில் வீடியோ பார்த்து, பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் வாங்கி, பட்டறையில் வெல்டிங் வைத்து, வீட்டு போர்ட்டிகோவில் போட்டிருந்தார். அடியில் ஒரு ஜாக்கி. கைப்பிடியை அடிக்க அடிக்க மேடை இடுப்பு உயரத்துக்கு ஏறும். பிறகு மேடைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

"ரெண்டு மாசமா அதுலதானுங்க வேல செய்யறீங்க. இப்ப என்ன திடீர்னு?"

"எனக்கு எடது கண்ணுல புரை விழுந்திருக்குதுங்க. நான் டார்ச் அடிக்கறேன்னு எங்க வீட்டுக்காரி ருக்குமணி சொல்றா. ஒண்டியா உள்ள டிவியப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சாமா. திங்கக்கெழமையில இருந்து பக்கத்துல உக்கார்றேன்னா. அவ உக்காந்திருக்கறப்ப அது எறங்கிருச்சுன்னா..."



"நாளைக்கு வர்றனுங்க சார்" என்றார் சுகந்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். லிப்ட் மஞ்சள் பெயிண்டில் பளபளத்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. சுகந்தி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கடை கம்ப்ரசருக்கும் அதே சந்தனம், அதே குங்குமம்தான்.

"அஞ்சு மூட்ட சிமெண்ட் ஏத்திப் பார்த்தனுங்க" என்றார் திருமலைச்சாமி. "இருநூத்தம்பது கிலோ. அலுங்காம ஏறுச்சு."

"எத்தன நேரம் மேலயே நின்னுச்சுங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் போட்டோ எடுத்து முடிக்கற வரைக்குமுங்க."

சுகந்தி சிரிக்கவில்லை. "பைக்க ஏத்துங்க சார்."

பைக்கை மேடையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டி, திருமலைச்சாமி ஜாக்கியை அடித்தார். மேடை இடுப்பு உயரத்துக்கு வந்தது. சுகந்தி சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். மேடையின் விளிம்புக்குச் சரியாகப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அக்கா, காபி கெடைக்குமுங்களா?"

ருக்குமணி காபி கொண்டுவந்தார். ஓசூரில் இருக்கும் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பேத்திக்குப் பல் முளைத்தது, மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் போட்டது எல்லாம் வந்தது. திருமலைச்சாமிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தன் கைவேலையைப் பரிசோதிக்க வந்த குரு மாப்பிள்ளையின் ஷிப்டை விசாரித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்?

"அம்மிணி, நீங்க குனிஞ்சுகூடப் பாக்கலீங்களே."

"காபி ஆறுதுங்க சார்."

அரை மணி நேரம் போனது. சுகந்தி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"இப்பப் பாருங்க சார்."

சுவரில் கோடு ஓரிடத்தில் இருந்தது. மேடை அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. திருமலைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கோடு கொஞ்சம் மேல போட்டுட்டீங்களோ என்னமோ."

"இல்லீங்க சார்."

அவருக்கும் அது தெரியும். மனசு கேட்காமல்தான் சொல்லிப் பார்த்தார்.

மேடையின் காலோடு சங்கிலியில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு கம்பி தொங்கியது. மேடை ஏறியதும் அதைக் காலிலுள்ள ஓட்டையில் செருகிவிட்டால், ஜாக்கி கைவிட்டாலும் மேடை விழாது. அந்தக் கம்பிக்கும் மஞ்சள் பெயிண்ட், குங்குமப் பொட்டு.

"பூட்டுக் கம்பி ஏனுங்க வெளிய தொங்குது?"

"பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சனுங்க. லட்சணமா இருக்கட்டும்னு ரெண்டு கோட்டிங். அதுல இருந்து ஓட்டைக்குள்ள போகமாட்டேங்குது. ஜாக்கிதான் நல்லா நிக்குதேன்னு விட்டுட்டனுங்க."

"அப்ப இந்த ரெண்டு மாசமும்?"

"ஜாக்கி மேலதானுங்க."

டம்ளர்களை எடுக்க வந்த ருக்குமணியின் கை அப்படியே நின்றது. டம்ளர்களை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

சுகந்தி பைக்கை இறக்கச் சொன்னார். உருண்டை அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். திருமலைச்சாமி ஓட்டைக்குள்ளும் கம்பியிலும் இருந்த பெயிண்டைச் சுரண்டினார். அழகாக அடித்ததை எல்லாம் தானே சுரண்டி எடுக்கிற வருத்தம் முகத்தில் தெரிந்தது. கால் மணி நேரத்தில் கம்பி தானாக உள்ளே போனது.

மறுபடி பைக்கை ஏற்றினார்கள். கம்பியைச் செருகினார்கள். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுகந்தி நீளக் கைப்பிடியால் எட்ட நின்றே ஜாக்கியை இறக்கும் திருகைத் திறந்துவிட்டார். மேடை லேசாக இறங்கி, கம்பியின் மேல் உட்கார்ந்தது. சுவரில் புதுக் கோடு போட்டார். இன்னொரு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கோடும் மேடையும் நேராகவே இருந்தன.

"ஜாக்கிக்கு உள்ள எண்ணெயத் தாங்கற சீல் போயிருச்சுங்க சார், அதான் மெல்ல மெல்ல எறங்குது. மாத்தற வரைக்கும் ஏத்தாதீங்க. மாத்துன பின்னாலயும், ஏத்துன ஒடனே கம்பி. பொறவுதான் ஸ்பேனர்."

"செரிங்க." அவர் தயங்கினார். "அப்பறம் ருக்குமணி உக்காரலாமுங்களா?"

"தாராளமா உக்காரலாம்."

திருமலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. 

"இது போதுங்க அம்மிணி. அவளுக்காகத்தான் கேட்டது. எனக்குன்னா கேட்டிருக்கவே மாட்டனுங்க. நம்மளுக்கென்ன, அறுவது தாண்டியாச்சு. எது விழுந்தா என்னங்க?"

நிலைப்படியில் ருக்குமணி வந்து நின்றிருந்தார். அழுத முகம்.

சுகந்தி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். ருக்குமணியைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"எது விழுந்தா என்னன்னு, அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"