ராஜா துடுப்புப் போட்ட கதை

முன்பு மருதவாய் நாட்டைக் கண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் புகழ்ச்சி என்றால் உருகிவிடுவார். அவர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தக் கதை சொன்னாலும் அதில் நாயகன் ராஜாவாகவே இருக்க வேண்டும். மழை பெய்த கதை சொன்னால்கூட, மேகத்தைக் கூட்டிவந்தவர் ராஜாதான்!

ஒரு வருஷம் மழைக்காலம் நெருங்கியது. பெரிய ஏரியின் கரையைக் காக்க இளைஞர் படை திரண்டது. அதற்குத் தலைமை சரியாக அமையாவிட்டால் கரை உடையும், கீழே உள்ள ஊர்கள் மூழ்கும். மாவலியார் என்ற சபைப் பிரதானியோ, தன் மருமகன் பூபதியையே தலைவனாக்கும்படி ராஜாவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மந்திரி செவ்வந்தியப்பர் குறுக்கிட்டார். "அரசே, பிள்ளைகள் தாங்கள் செய்த ஒரு காரியத்தைத் தாங்களே சொல்லட்டும். யார் தலைவர் என்று தெரிந்துவிடும்" என்றார்.

"சபை வழக்கம் என்னாவது?" என்று துள்ளினார் மாவலியார். "மீறினால் நீர் உமது மந்திரி முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்!"

"மீறுவானேன்? 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் 'எங்கள் ராஜா' என்று சொல்லட்டுமே" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

பூபதி முதலில் வந்தான். "எங்கள் ராஜா தனியாகக் காட்டுக்குப் போய் வெறுங்கையால் புலியைக் கொன்றார்!"

"புலித்தோல் எங்கே தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார் மந்திரி.

பூபதி திருதிருவென்று விழித்தான். "புலி மேலதான் இருக்கு, ஐயா."

சபை கொல்லென்று சிரித்தது. மாவலியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து பரிசல்காரர் மகள் காத்தாயி. "நான் என்னத்தச் சொல்ல? துடுப்புப் போடுறவ சாமி" என்று தயங்கினாள்.

"அதையே சொல்லம்மா" என்றார் மந்திரி.

"எங்க ராஜா பரிசல் ஓட்டிட்டுப் போனாரு. நடு ஆத்துல சுழல். ஏறினவங்க எல்லாரும் எழுந்து கத்தினாங்க. ராஜாவுக்குக் கை நடுங்கிருச்சு..."

"ராஜாவுக்கு நடுக்கமா! என்ன துணிச்சல்!" என்று மாவலியார் எழுந்தார்.

"உட்காரும். என் கை நடுங்கினால் உமக்கென்ன? பிறகு நான் என்ன செய்தேன் பெண்ணே?"

"வழி தெரியலன்னு ஒத்துக்கிட்டீங்க. கூட வந்த மீன்காரரைக் கேட்டு, அவர் சொன்ன பக்கமே திருப்பினீங்க. அழுத பிள்ளையை மடியில உட்கார வச்சுக்கிட்டீங்க. கரை வந்ததும் எல்லாரையும் இறக்கிட்டு, கடைசியாத்தான்..."

காத்தாயி சட்டென்று நிறுத்தினாள். ராஜா செய்ததாகச் சொல்லிப் பார்த்தபோதுதான், தான் செய்தது எத்தனை பெரிய காரியம் என்று அவளுக்கே உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. இவள் இருந்தால் ஏரி பிழைக்கும் என்று மந்திரியின் மனம் குளிர்ந்தது.

ராஜா ஆசனத்தை விட்டு எழுந்தார். பிறகு, "நிஜமாக நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகக் குதித்து இறங்கியிருப்பேன்" என்றார். "காத்தாயிதான் தலைவி. மந்திரியாரே, மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்."

"அப்படியானால் பூபதிக்கு?" என்று முனகினார் மாவலியார்.

"கரைக்கு மண் சுமக்க ஒரு கூடை. உமக்கும் ஒன்று. அடுத்த வருஷம் சொல்ல உங்களுக்கும் ஒரு கதை வேண்டாமா?"

சொல்லிவிட்டு ராஜா கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்தார்.

"எனக்கும் ஒரு கூடை எடுத்து வையம்மா, காத்தாயி. என் பேரில் இத்தனை கதை இருக்கிறதே, ஒன்றாவது நடந்திருக்க வேண்டாமா?"